வீடு திரும்பிய முட்டைத் தட்டு

கார்வேட்டிநகரம்,
அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான என் மகள் ஜெமிமாவுக்கு உன் அம்மா முத்தம் கொடுத்து எழுதுவது. இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், பின்பக்கத்து அகத்தி மரம் மட்டும் தலை மொட்டையாகி நின்றிருந்தது, ஆண்டவர் கிருபையால் அதுவும் இப்போது துளிர் விட்டுவிட்டது. அங்கே நீ சுகமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் ஃபைன்மா என்பாய், போனில் நீ சொல்லும் அந்த ஃபைனைக் கேட்டுக் கேட்டு பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா, யாரும்மா அந்த ஃபைனு, உன் பொண்ணு யாராவது பையனைப் பாத்துக்கினு கீறாளா என்று என்னிடமே கேட்டுவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நான் வாயைத் திறந்தால் நீ டூட்டிக்குச் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது, நானும் சரி கண்ணு வை என்று வைத்துவிடுகிறேன், வைத்த பிறகுதான் சொல்ல நினைத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அயர்லாந்தில் உன் ஆஸ்பத்திரிக்கே நர்ஸ் வேலைக்கு வருகிற புத்தூர் தரணியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முட்டையும் நாலு கொடுக்கட்டுமா என்றேன், ஏர்போர்ட்டுல என்னையே அவிச்சிருவாங்க ஆண்ட்டி என்று ஓடிவிட்டாள். நாலாம் கிளாஸோடு மிஷன் ஸ்கூலை விட்டவள் எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், கோழி வளர்க்கிறவள் எழுத்து வேறு எப்படி இருக்கும், பொறுமையாகப் படி.

போன மாதம் நீ அழுதுகொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. கோழிகளை வித்துடும்மா, வீட்டைப் பூட்டும்மா, திருப்பதியில ஆண்ட்ரூ மாமா வீட்டுக்குப் போயிடும்மா, கிறிஸ்துமஸுக்குள்ள முடிவு சொல்லு என்றாய். என் தம்பி ஆண்ட்ரூவும் சும்மா இல்லை, எனக்கென்று ஓர் அறையைக் காலி செய்து புது ஃபேன் மாட்டி அது சுத்துவதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான், ஃபேன் நன்றாகத்தான் சுத்துகிறது. ஆனால் அவன் வீடு மூன்றாவது மாடி, அவனும் அவன் பெண்டாட்டியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள், இங்கே தனியாக உட்காருவதை அங்கே உயரத்தில் உட்காரப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் உன்னிடம் பண்டிகை வரைக்கும் டயம் கேட்டேன், ஏன் என்று நீ கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன் சிரிக்காதே. எனக்கும் எனக்குமே ஒரு பந்தயம் வைத்திருந்தேன். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் கோழி முட்டையை யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டால் இந்த ஊருக்கு நான் வேண்டியவள் என்று அர்த்தம், இருந்துவிடுவது. ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் மறுநாளே ஜமீலா அக்காவிடம் சொல்லி வியாபாரியை வரவைத்துக் கோழிகளைக் கொடுத்துவிட்டு திருப்பதி பஸ் ஏறுவது. சாதாரண முட்டையை வைத்தா பந்தயம் கட்டுவாள் உன் அம்மா, அது ஒமேகா முட்டை. அந்தக் கூத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எல்லாம் உன்னால் வந்தது. என் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சித்தூர் டாக்டர் சொன்னதும் நீ அங்கிருந்து மீன் சாப்பிடும்மா, அதுல ஒமேகானு ஒண்ணு இருக்குது, நெஞ்சுக்கு நல்லது என்றாய். மீனை வாங்கி அலசி செதில் எடுத்துக் கொடுத்தது எல்லாம் உங்க நைனாதான், நான் குழம்பு வைத்ததோடு சரி, அவர் கர்த்தரிடம் போன பிறகு ஒருத்திக்காக மீன் வாங்கி ஒருத்திக்காகப் பூனையை விரட்டிக்கொண்டு யார் உட்காருவது என்று விட்டுவிட்டேன். அப்புறம் நீதான் சொன்னாய், இங்க கடையில ஒமேகா முட்டைன்னு தனியா விக்கிறாங்க, கோழிக்குப் போடுற தீனியிலயே அந்த நல்ல கொழுப்பை ஏத்திடுறாங்க என்று. எனக்குச் சுருக்கென்றது. கோழி என்னிடம் இருக்கிறது, தீனி நான்தான் போடுகிறேன், அயர்லாந்துக் கோழி செய்கிற வேலையைக் கார்வேட்டிநகரத்துக் கோழி செய்யாதா. அந்த வாரமே எங்கள் டுவாக்ரா மகளிர் சங்கத்துக்குத் திருப்பதியிலிருந்து யாமினி என்று ஒரு கோழி டாக்டரம்மா பேச வந்தது, சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், தமிழ் சுத்தமாக வராது. நான் எழுந்து ஒமேகா முட்டைக்கு இன்னா பண்ணணும் என்று கேட்டேன், சங்கத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெண் தெலுங்கில், கோள்ளக்கு அவிசெ பெட்டண்டம்மா என்றது, கோழிகளுக்கு அவிசெ போடுங்க என்று. அதற்கப்புறம் என்னமோ சொன்னது, நான் ஜமீலா அக்காவின் தொடையைக் கிள்ளி, பாத்தியா, நம்ம வீட்டு மரமே ஒமேகாவாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை. நம் பக்கத்துத் தெலுங்கில் அகத்தி மரத்துக்கு அவிசெ என்றுதானே பெயர், சந்தையில் அகத்திக் கீரைக் கட்டை அவிசெ ஆக்கு என்றுதானே விற்கிறார்கள், நைனா வைத்த மரம் பின்பக்கமே நிற்கிறது. ஆண்டவர் வழி காட்டிவிட்டார் என்று அன்று சாயந்திரமே ஏணி போட்டு ஏறினேன்.

தினமும் ஒரு கூடை அகத்தி. ஆரம்பத்தில் கோழிகள் ஆசையாகக் கொத்தின, அப்புறம் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன. உனக்கு மட்டும் சொல்கிறேன், கோழிகளுக்கெல்லாம் உன் அத்தைமார் பெயர்தான் வைத்திருக்கிறேன், அதனால் முகத்தைத் திருப்பியது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை. முட்டை குறைந்தது, ஆனால் உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு செக்கச்செவேல் என்று சூரியன் உதித்த மாதிரி. வந்துருச்சுடி ஒமேகா என்று நான் தெருவெல்லாம் காட்டினேன், பாஸ்டரம்மாவுக்குக் கொடுத்தேன், ஜமீலா அக்கா தன் கடையில் தனிக் கூடையில் வைத்து, ஒமேகா வந்துட்டுது ஒமேகா என்று கூவிக் கூவி விற்றாள். இப்படி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்து முடித்த பிறகுதான் யாமினியம்மா மறுபடி வந்தது. அவிசெ போடறீங்களாம்மா, எங்க காட்டுங்க என்றது. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாதி மொட்டையாக நின்ற மரத்தடியில் நிறுத்தினேன். அது மரத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கோழிகளைப் பார்த்தது, அப்படியே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தது. அய்யோ லோயிஸம்மா, இதி காதம்மா, அவிசெ கிஞ்சலு, கிஞ்சலு என்றது. இது இல்லையாம், கிஞ்சலு என்றால் விதை. தெலுங்கில் அவிசெ கிஞ்சலு என்றால் அகத்தி விதைகூடக் கிடையாதாம், ஆளி விதையாம், பளபளவென்று எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்குமே, அதுவாம். கீரையால் வந்தது வெறும் நிறம்தானாம், அதைக் கோழிக்கு இத்தனை போடவும் கூடாதாம், மாட்டுக்குத்தான் நல்லதாம், நல்லவேளை அத்தைமார் பிழைத்தார்கள். நானும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரித்தேன். அது ஸ்கூட்டியில் ஏறிப் போன பிறகு அந்தக் கல்லின்மேல் நான் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது, மரத்தடியில் கிடந்த காம்புகளைப் பொறுக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன் கண்ணு, நீயே வந்து பார்த்திருந்தாலும் குறை சொல்ல மாட்டாய். ஜமீலா அக்காவின் தம்பி சித்தூரில் எண்ணெய் மில் வைத்திருக்கிறானே, அவனிடம் சொல்லி ஆளி விதை ஒரு மூட்டை வரவழைத்தேன். சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் தூள் எல்லாம் எப்போதும் போல, அதில் பத்துப் படிக்கு ஒரு படி ஆளி விதை, மேலே போகக் கூடாது என்று யாமினியம்மா கண்டிஷன். ஜாஸ்தி போட்டால் முட்டையில் மீன் வாடை அடிக்குமாம், கோழியும் இளைக்குமாம். அன்றன்று அரைத்து அன்றன்றே போட வேண்டும், அரைத்து வைத்தால் அதிலிருக்கும் எண்ணெய் சிக்கு வாடை பிடித்துவிடும், அதனால் காலையில் எழுந்ததும் மிக்ஸி ஓடுகிறது. உங்க நைனா இருந்தபோது அந்த நேரத்துக்கு அவருக்குத்தான் சட்னி அரைக்க ஓடும், இப்போது ஓடுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இவ வீட்ல இன்னா விருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும். போட்டவுடனே முட்டைக்குள் ஏறிவிடாதாம், இரண்டு மூன்று வாரம் தின்ன பிறகுதான் கருவில் சேருமாம். அப்படிச் சேர்ந்த பிறகு உடைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை, பழைய மஞ்சள், பழைய ருசி. எனக்குத் திக்கென்றது. யாமினியம்மா, அது கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாதும்மா, உள்ள இருக்கும் என்று சொல்லி ஆறு முட்டையைப் பஞ்சில் சுத்தித் திருப்பதிக்கு எடுத்துப் போய் மிஷினில் வைத்துப் பார்த்து, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தது. வந்துருச்சும்மா, நெஜமாவே வந்துருச்சு என்று அந்தப் பெண் கத்திய கத்தலில் நான் போனைக் கீழே போட்டுவிட்டேன். உடனே உனக்குச் சொல்லலாம் என்று போட்டேன், நீ எடுக்கவில்லை, டூட்டி. சரி என்று கோழிக் கூண்டுக்குப் போய்ப் பெரிய அத்தையிடம் சொன்னேன், அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். கோயிலில் ஆராதனை முடிந்து காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் ஒவ்வொன்றாக ஏலம் போவது உனக்குத் தெரியும், நம் வீட்டு முட்டைத் தட்டு என்ன பாடு படும் என்றும் தெரியும். பிலிப் பெரியப்பா வேண்டுமென்றே முதலில் கேட்பார், உங்க நைனா ஜன்னல் பக்கத்தில் தன் இடத்திலிருந்து ஒண்ணு மேல என்பார், அவர் ஏத்த இவர் ஏத்த, கடைசியில் நம் வீட்டு முட்டையை நைனாவே எடுத்துக்கொண்டு வந்து, உங்கம்மா போட்ட முட்டைய எனக்கே வித்துட்டாண்டி அந்தப் பாவி என்று உன்னிடம் புலம்புவார், புலம்பும்போது முகம் எல்லாம் பல்லாக இருக்கும். அந்த இரண்டு பேர் விளையாட்டில் ஊரில் வேறு யாரும் வாய் வைக்க மாட்டார்கள், வேடிக்கை பார்ப்பதோடு சரி. நேற்று, நைனா இல்லாத முதல் பண்டிகையில், ஏலம் போட்டது சபைச் செயலாளர் பாஸ்கர். தட்டைத் தூக்கிப் பிடித்து, இது நம்ம லோயிஸக்கா குடுத்த ஒமேகா முட்டை, நெஞ்சுக்கு நல்லதாம் என்றான். அகத்திக்கீரை முட்டையாடா என்று பின்னால் ஒரு பொடியன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், போடா, உன் வாயில இத அவிச்சு வெக்கிறேன் என்றேன். பாஸ்கர், கேளுங்க, கேளுங்க என்றான். சிரிப்பு அடங்கியது. அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு சத்தம் இல்லை. எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. யாரும் என் முட்டை வேண்டாம் என்று உட்காரவில்லை ஜெமி, அவர் குரல் வரும் என்று பழக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்கருக்கும் முகம் வாடிவிட்டது, ரெண்டாந்தரம் கேட்டான், தட்டை மெதுவாக மேஜையில் வைத்தான். பிலிப் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, திருப்பதிதான், நம்ம ஃபேன்தான் என்று நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது பிலிப் பெரியப்பா எழுந்து ஒரு தொகையைச் சொன்னார். பாஸ்கர் உயிர் வந்த மாதிரி தட்டைத் தூக்கினான். பெரியப்பா உட்காரவில்லை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக, அந்த முட்டி வலியோடு, கோயிலின் குறுக்கே நடந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நின்று, சட்டைக் காலரைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார், நைனா செய்கிற மாதிரியே. ஒண்ணு மேல என்று கத்தினார். அய்ய, பிலிப்பண்ணனுக்கு முட்ட செரிக்குமா, ராத்திரியெல்லாம் ஏப்பம் உட்டுக்கினு கெடக்கும், எனக்கே குடு என்றார். அது நைனா வருஷா வருஷம் சொல்கிற வார்த்தை, எழுத்துக்கு எழுத்து. கோயிலே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மறுபடி நடந்து தன் இடத்துக்கு வந்து தன் குரலில் ஏத்தினார், மறுபடி ஜன்னலுக்குப் போய் நைனா குரலில் ஏத்தினார், ஒற்றை ஆளாக இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார் அந்த மனுஷன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை விட்டுவிட்டார்கள். பாஸ்டரையா கண்ணாடியைக் கழற்றினார். நான் அழவில்லை, பொய் இல்லை, எனக்கு அவர் எப்போது தடுக்கி விழுவாரோ என்ற பயம்தான் இருந்தது. கடைசியில் ஜன்னல் பக்கம் போனபோது மூச்சு வாங்கித் திரும்பி வர முடியாமல் அங்கேயே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், பாஸ்கர் அந்த நேரம் பார்த்து மேஜையைத் தட்டி, ஏசுரத்தினம் அண்ணனுக்கு என்று நைனா பெயரையே சொன்னான். முட்டைத் தட்டு என் மடிக்கே வந்தது. பணம் பெரியப்பா கொடுத்தார். இன்னாண்ணா இது என்றேன். நான் இன்னா பண்றது, இந்த வருசமும் அவந்தானே கெலிச்சான் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இதுதான் என் பதில் கண்ணு. யாராவது ஒருத்தர் கேட்டால் இருக்கிறேன் என்று பந்தயம் கட்டினேன், கேட்டது உங்க நைனா. அப்புறம் எப்படிப் பஸ் ஏறுவது. ஆண்ட்ரூவிடம் அந்த ஃபேனை அவனே போட்டுக்கொள்ளச் சொல், கோபித்துக்கொண்டால் ஒரு தட்டு முட்டை அனுப்புகிறேன், வெயில் காலத்தில் போய் ஒரு வாரம் அவன் ஃபேனடியில் படுக்கிறேன். தனிமையாக இல்லை என்று உனக்கு எழுத மாட்டேன், இருக்கிறது. கோழிகள் இருட்டும் முன்னாலேயே கூண்டில் ஏறிவிடும், ஏறின பிறகு இந்த வீடு ரொம்பப் பெரிசாகிவிடுகிறது, டிவியை எத்தனை சத்தமாக வைத்தாலும் நிரம்புவதில்லை. நேற்றும் அப்படித்தான், தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு இரண்டு முட்டை அவித்தேன், அவித்த பிறகுதான் ஏன் இரண்டு என்று பார்த்தேன். இரண்டையும் மிளகுத்தூள் போட்டு நானே தின்றேன், டாக்டர் ஒன்றுதான் சொன்னார், அவரிடம் சொல்லாதே. மீதியில் பாதியைப் பெரியப்பா வீட்டுக்கும் ஜமீலா அக்காவுக்கும் கொடுத்துவிட்டேன், இந்த முட்டையை ரொம்ப நாள் வைக்கக் கூடாதாம், உள்ளே இருக்கிற நல்ல எண்ணெய் கெட்டுப்போகுமாம். நீ அங்கே குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் நடக்காதே, டூட்டி முடிந்து பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அங்கே கிடைக்கிற ஒமேகா முட்டையாவது வாங்கித் துன்னு, நம்முடையது மாதிரி இருக்காது, என்ன செய்வது. தரணிக்கு ஊர் புதுசு, உன்னோடு வைத்துக்கொள், ராத்திரியில் அது அழுதால் திட்டாதே, நீ போன புதிதில் அழுததை நான் போனில் கேட்டிருக்கிறேன்.

உன் கையும் காலும் சுகமாக இருக்கவும், நீ ஊசி போடுகிற ஒவ்வொரு நோயாளியும் உன்னை வாழ்த்தவும், நல்ல மனசுள்ள ஒருத்தன் உனக்கு அமையவும், அவன் பெயர் ஃபைன் என்றே இருந்தாலும் பரவாயில்லை, ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. பிலிப் பெரியப்பா காலையில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்லி அனுப்பினார், அடுத்த வருஷம் ரெண்டு பக்கமும் நின்னு கத்த என்னால ஆவாது, என் பக்கத்த நான் பாத்துக்குறேன் என்று. ஜன்னல் பக்கத்துக்கு ஆள் இல்லை. நைனா குரல் உனக்குத்தான் வந்திருக்கிறது. லீவுக்கு இப்போதே எழுதிப் போடு.

இப்படிக்கு,
ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், பெண்கள் வரிசையில் முட்டைத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
ஏ. லோயிஸ்